சர்க்கரையா, பி.பி.யா, உப்பா: சிறுநீரகம் தளர்ந்த பெரியவருக்கு வீட்டில் எது முதலில்?

சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட எழுபது வயதுப் பெரியவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது, கையில் எட்டு ஒன்பது மாத்திரைக்கான சீட்டும் மனத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டளையும் இருக்கும். தினம் சர்க்கரை பார், பி.பி. பார், உப்பைக் குறை, பழம் தொடாதே, பருப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி, கால் வீங்குகிறதா பார், நட. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமாகத்தான் தெரியும். மொத்தத்தையும் தூக்கிச் சுமக்க அந்த வயதில் யாராலும் முடியாது. இரண்டு வாரம் ஓடும். அதன்பிறகு எது பழகிப்போனதோ அது மட்டும் நிற்கும். பெரும்பாலான வீடுகளில் மிஞ்சுவது காலையில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதும், பழத்தைக் கண்டால் பயப்படுவதும்தான். சிறுநீரகத்தைக் காப்பதில் அவை இரண்டுமே பின்வரிசை.

இருக்கிற கொஞ்சம் தெம்பை எதில் செலவிடுவது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது. எங்கள் வரிசை இது. முதலில் பி.பி. அடுத்து, சரியான மாத்திரை சரியாக உள்ளே போவது. மூன்றாவது உப்பு. சர்க்கரை நான்காவதாக வரட்டும். அதிலும் ஏறுவதைப் பார்ப்பதைவிட, இறங்கிப்போகாமல் காப்பது பெரிது. பொட்டாசியம், புரதம் பற்றிய கணக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை கேட்டால் மட்டும்.

சர்க்கரையை நான்காவதாக வைத்தது பலருக்கு உறுத்தும். அதற்கான காரணத்தைக் கீழே விரிவாகவே சொல்கிறோம். அதற்கு முன் இரண்டு எண்கள்.

எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.4 என்று இருக்கிறது. "கொஞ்சம்தான் கூட" என்று சொல்லி மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த 1.4 ஒரு 35 வயது ஆணுக்கு என்றால், சிறுநீரகம் வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., சுமார் 67 வரும். அதே 1.4 ஒரு 72 வயது அம்மாவுக்கு என்றால் சுமார் 40தான். வயதானவர்களுக்குத் தசை குறைவு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. அதனால் எண் சாதுவாகத் தெரியும், சிறுநீரகத்தின் திறன் பாதி அளவுக்கும் கீழே போயிருக்கும். எனவே கிரியாட்டினினை மட்டும் பார்க்காமல் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 60க்கு மேல், 45 முதல் 59 வரை, 30 முதல் 44 வரை, 15 முதல் 29 வரை, 15க்குக் கீழ் என்ற படிகளை வைத்துத்தான் மாத்திரைகளின் அளவே மாறுகிறது.

இரண்டாவது எண், சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம். 30க்குக் கீழ் இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை கசிவு. 300க்கு மேல் பெருங்கசிவு. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் "ஆல்புமின் இல்லை" என்று வருவதை நம்பி இருந்துவிடக் கூடாது. சிறிய கசிவு அதில் பிடிபடாது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் சிறந்தது. காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருக்கும் வாரத்தில் கொடுத்தால் எண் பொய்யாக ஏறும். ஒரே தடவையில் முடிவுகட்டாமல், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுத்த மூன்று பரிசோதனைகளில் இரண்டிலாவது கூடுதலாக இருந்தால்தான் கசிவு என்று உறுதி செய்வார்கள்.

பி.பி.: கையா, மணிக்கட்டா, மருந்துக்கடையா?

சிறுநீரகத்தின் வடிகட்டிகள் மிக நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகள். சர்க்கரையால் ஏற்கெனவே தடித்துப்போன அந்த முடிச்சின்மேல் அழுத்தம் விடாமல் மோதினால் புரதம் கசியும்; கசிவு தொடர்ந்தால் தழும்பாகும். இந்த நோயின் ஓட்டத்தை மட்டுப்படுத்துவதில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய காரியங்களில் பி.பி.யைக் கட்டுக்குள் வைப்பதற்கு ஈடு வேறில்லை.

எப்படி அளப்பது என்பதில் மூன்று வழிகள் உண்டு. மருந்துக்கடையில் நின்றபடி பார்ப்பது இலவசமாகக்கூடக் கிடைக்கலாம், ஆனால் நடந்து வந்த மூச்சிரைப்பில் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. மணிக்கட்டில் மாட்டும் கருவி சுலபமாகத் தெரியும். மணிக்கட்டு இதயத்தின் உயரத்துக்கு நேராக நின்றால்தான் சரியாகக் காட்டும், கொஞ்சம் தாழ்ந்தாலே கூடுதலாகக் காட்டும். நடுங்கும் கைக்கு அது ஒத்துவராது. வாங்குவதென்றால் புஜத்தில் கட்டும் தானியங்கிக் கருவிதான். பட்டையின் அளவையும் பார்த்து வாங்குங்கள். புஜத்தின் நடுவில் தையல் டேப்பால் சுற்றி அளந்தால் பெரும்பாலோருக்கு 22 முதல் 32 செ.மீ. பட்டை பொருந்தும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத பி.பி. வந்துவிடும், அதற்கு மாத்திரையும் கூடிவிடும்.

அளக்கும் முறை இது. சிறுநீர் கழித்துவிட்டு வரவும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகு சாயும் நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம். கையை மேசைமேல் வைத்தால் பட்டை நெஞ்சு உயரத்தில் நிற்கும். சட்டைக் கைமேல் கட்டக் கூடாது. பேசக் கூடாது, டி.வி. சத்தமும் வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதவும். இப்படிக் காலையில் மாத்திரைக்கு முன்பு ஒரு தடவை, இரவு ஒரு தடவை. இதை வருடம் முழுக்கச் செய்ய வேண்டியதில்லை. மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஏழு நாள் செய்தால் போதும். ஆஸ்பத்திரியில் அவசரத்தில் எடுக்கும் ஒற்றை எண்ணைவிட அந்த ஒரு பக்கக் காகிதம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

பெரியவர்களுக்கு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நின்றபின் ஒரு அளவு. உட்கார்ந்து எடுத்த பிறகு எழுந்து நின்று, மூன்று நிமிடத்துக்குள் மறுபடி எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், "எழுந்தா தலை கிறுகிறுங்குது" என்று அவர் சொல்வதற்கு அதுதான் காரணம். நீண்ட நாள் சர்க்கரையால் நரம்பு தளர்ந்தவர்களிடம் இது சாதாரணம். இப்படி இறங்குகிறவருக்கு வழக்கமான இலக்கான 130/80க்குள் வைத்தே தீருவது என்று அடம் பிடித்தால், விடியற்காலை கழிப்பறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பு முறியும். இலக்கைக் கொஞ்சம் தளர்த்துவதா என்பதை இந்த எண்ணைக் காட்டி மருத்துவரிடம் கேளுங்கள்.

சர்க்கரை: இறுக்குவதா, தளர்த்துவதா?

இனி உறுத்தும் விஷயத்துக்கு வருவோம். இருபது வருடமாக இன்சுலின் போட்டவருக்குத் திடீரென்று சர்க்கரை அழகாக இறங்கும். காலைச் சர்க்கரை 180 இருந்தது 95 ஆகும். அதே சாப்பாடு, அதே அளவு மருந்து. வீடே மகிழும், யாரோ கொடுத்த கஷாயத்துக்குப் பெயர் கிடைக்கும். உண்மையில் பல நேரம் இது சிறுநீரகம் கீழே போவதன் அடையாளம். உடம்பில் சேரும் இன்சுலினில் கணிசமான பங்கை உடைத்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளரும்போது போட்ட இன்சுலின் நெடுநேரம் உடம்பிலேயே நின்று வேலை செய்கிறது. சாப்பிடாத நேரத்தில் சர்க்கரையைத் தயாரித்துக் கொடுப்பதிலும் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு, அதுவும் குறைந்துபோகிறது. போதாததற்குப் பசியும் மந்தமாகிறது. எனவே காரணம் தெரியாமல் சர்க்கரை இறங்கினால் கொண்டாடாமல் இ.ஜி.எஃப்.ஆர். பாருங்கள், மருந்தைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

இறங்கிய சர்க்கரை வயதானவரிடம் வியர்வை, நடுக்கம் என்று பாடப்புத்தகம் மாதிரி வருவதில்லை. பேச்சு குழறும், எரிச்சல் வரும், சும்மா உட்கார்ந்து வெறிப்பார். "வயசாச்சு, மறதி" என்று விட்டுவிடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு வந்தால் யாருக்கும் தெரியாது. ஒருமுறை கடுமையாக இறங்கினால் விழலாம், இதயம் தாளம் தப்பலாம். இலேசாக ஏறிய சர்க்கரை இந்த வயதில் ஒரு நாளில் செய்ய முடியாத கேட்டை இறங்கிய சர்க்கரை அரை மணியில் செய்துவிடும். அதனால்தான் தளர்ந்த பெரியவர்களுக்கு மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 8க்குள் இருந்தால் போதும் என்று சர்வதேச வழிகாட்டுதல்களே விட்டுக்கொடுக்கின்றன. நடமாட்டமும் நினைவும் நன்றாக உள்ள 66 வயதுக்காரருக்கு 7ஐ ஒட்டி வைக்கலாம். 80 வயதில் இன்சுலின் போட்டுக்கொண்டு தனியாக இருப்பவருக்கு 6.5 என்பது பெருமை இல்லை, அபாயம்.

எதை வைத்து அளப்பது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தசோகை வரும். ரத்தசோகைக்கு ஊசி போட்டாலோ ரத்தம் ஏற்றினாலோ ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். விரல் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரோ ரத்தசோகை இருந்தால் பல கருவிகளில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். அது இல்லாமலேயே நல்ல குளுக்கோமீட்டருக்கும் 15 சதவீதம் மேலே கீழே போக அனுமதி உண்டு: திரையில் 100 என்றால் உள்ளே 85 இருக்கலாம், 115ம் இருக்கலாம். எனவே ஒற்றை எண்ணைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். தோலில் ஒட்டும் சென்சார் வகை 14 நாள் விடாமல் காட்டும், விலை அதிகம். அதை வருடம் முழுக்க ஒட்டிக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் இராது. இரவில் இறங்குகிறதோ என்ற சந்தேகம் இருப்பவர் ஒரே ஒரு முறை இரண்டு வாரத்துக்கு ஒட்டிப் பார்த்தால் இன்சுலின் அளவைத் திருத்த அது போதும்.

தினமும் விரலைக் குத்துவது எல்லோருக்கும் தேவையில்லை. இன்சுலின் போடுபவர், கிளைமிபிரைடு போன்ற இறக்கும் வகை மாத்திரை சாப்பிடுபவர் இருவருக்கும் தேவை. சர்க்கரையைத் தாமாக அளவுக்குமீறி இறக்காத லினாகிளிப்டின், டாபாகிளிஃபுளோசின் மட்டும் சாப்பிடுபவருக்கு வாரத்தில் ஒருமுறை பார்ப்பதே தாராளம். குத்துவதற்குமுன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைக்கவும். மாம்பழம் உரித்த விரலில் எடுத்தால் 300கூடக் காட்டலாம். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்ததும் மூடவும். திறந்து கிடந்தால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சீக்கிரம் கெட்டுவிடும்.

70க்குக் கீழே இறங்கினால்: மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கவும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவும், ஏறாவிட்டால் இன்னொரு தடவை. பிறகு இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ. இளநீர், ஆரஞ்சுச் சாறு வேண்டாம். பொட்டாசியம் ஏறிய சிறுநீரக நோயாளிக்கு அது இன்னொரு தொல்லை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். கிளிபென்கிளமைடு, கிளைமிபிரைடு சாப்பிடுபவருக்கு ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். அன்று முழுக்க யாராவது கூடவே இருக்க வேண்டும்.

மாத்திரைகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

இதை மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போவது உங்கள் வேலை.

மெட்ஃபார்மின்: இ.ஜி.எஃப்.ஆர். 45க்கு மேல் தொடரலாம். 30 முதல் 44க்குள் வந்தால் பாதியாக, நாளுக்கு 1000 மி.கி.க்கு மேற்படாமல். 30க்குக் கீழே நிறுத்த வேண்டும். பல வருடப் பழைய சீட்டையே கடையில் நீட்டி வாங்குபவர்களிடம் இது அப்படியே தொடர்கிறது. கிளிபென்கிளமைடு மலிவான பழைய மாத்திரை. அதன் சிதைபொருள் சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டியது, வெளியேறாமல் தங்கிச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். முதியவருக்கு, அதுவும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, இது கூடவே கூடாது. மெட்ஃபார்மினோடு சேர்ந்த கூட்டு மாத்திரையிலும் ஒளிந்திருக்கும். அந்த வகையே வேண்டும் என்றால் கிளிபிசைடு மேல். லினாகிளிப்டினுக்கு எந்த நிலையிலும் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. சிட்டாகிளிப்டினுக்குக் குறைக்க வேண்டும்.

டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2020, 2022ல் வெளியான பெரிய ஆய்வுகள், இவை சிறுநீரகத்தின் சரிவையே மெதுவாக்குகின்றன என்று காட்டிவிட்டன. இந்தியாவில் முதலாவதன் காப்புரிமை 2020லும் இரண்டாவதன் காப்புரிமை 2025லும் முடிந்ததால் விலை வெகுவாக இறங்கிவிட்டது. "காசு இல்லை" என்று தள்ளிப்போட வேண்டிய மருந்தாக இப்போது இது இல்லை. இ.ஜி.எஃப்.ஆர். 20 வரை ஆரம்பிக்கலாம். 45க்குக் கீழே போனவரிடம் சர்க்கரையை இவை பெரிதாக இறக்காது. "மாத்திரை கேட்கவில்லை" என்று அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீரகத்தைக் காப்பதற்காகத்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. சர்க்கரை இறங்காதது நிறுத்தக் காரணம் ஆகாது. சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை மூன்று பிளஸ் வரும், அதுவும் இந்த மாத்திரையின் வேலைதான். முதல் சில வாரம் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும், பிறகு நிலைக்கும். பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவி ஈரமில்லாமல் துடைப்பதும், உலர்ந்த பருத்தி உள்ளாடையும் பெரும்பாலும் காக்கும். அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். கண்புரைக்கென்று போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பி.பி.யை இறக்கிச் சிறுநீரகத்தையும் காக்கும் டெல்மிசார்டான், லோசார்டான் வகைக்கும் இதே குழப்பம். ஆரம்பித்த பின் கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறலாம். அதற்காக நிறுத்துவது தவறு. இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும் என்பதைத்தான் மறக்கக் கூடாது.

வீட்டில் நடக்கும் பெரிய தவறு இரண்டு மாத்திரைகளின் பெயரில் இருக்கிறது. ஒரு மருத்துவர் டெல்மிசார்டான் எழுதியிருப்பார். இன்னொருவர் டெல்மிசார்டானும் ஆம்லோடிபின் என்ற இன்னொரு பி.பி. மருந்தும் கலந்த மாத்திரை எழுதியிருப்பார். அட்டைகளின் நிறமும் பெயரும் வேறு; உள்ளே ஒரே மருந்து இரண்டு மடங்கு. எல்லா அட்டைகளையும் மேசையில் கொட்டி, பெரிய எழுத்தில் உள்ள வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை வரிசையாக எழுதிப் பாருங்கள். கண் தெரியாதவரிடம் இதை எதிர்பார்க்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேரனோ பேத்தியோ பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். பிறகு ஏழு நாள், காலை–இரவு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை நிரப்பி வைத்தால் சாப்பிட்டாரா இல்லையா என்ற சண்டை வராது.

இன்சுலினில் குப்பியும் ஊசியுமா, பேனாவா? குப்பி மலிவு, அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும். ஆனால் நம் ஊரில் குப்பிகள் பெரும்பாலும் யு-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. யு-100 குப்பிக்கு ஆரஞ்சு மூடி ஊசி. யு-100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்த ஒரு தவறே போதும். பேனாவில் இந்தக் குழப்பம் இல்லை. திருப்பும்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் "டிக்" என்று சத்தம் வரும். பார்வை மங்கியவர் எண்ணிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் முதலில் இரண்டு யூனிட் காற்றில் தள்ளி ஊசி முனையில் துளி வருகிறதா பார்த்து, பிறகு அளவைத் திருப்பி, குத்தியபின் பத்து எண்ணும் வரை எடுக்காமல் இருக்க வேண்டும். கை நடுங்குபவருக்கும், தனியாக இருப்பவருக்கும் விலை கூடினாலும் பேனாவையே சொல்வோம்.

மூட்டு வலி இல்லாத பெரியவர் ஏது? டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள் எல்லாம் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தைக் குறைக்கும். டெல்மிசார்டானும் நீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுபவர் இவற்றில் ஒன்றைச் சேர்த்துச் சில நாள் சாப்பிட்டால் கிரியாட்டினின் ஒரே வாரத்தில் இரட்டிக்கலாம். பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., நாளுக்கு 3 கிராமுக்குள், பாதுகாப்பானது. கவனிக்க: கடையில் "பாராசிட்டமால்தான்" என்று கொடுக்கும் அட்டையில் அசிக்ளோஃபினாக்கும் கலந்திருக்கும். வாங்கும்போது சொல்ல வேண்டிய வாசகம்: "கிட்னி பிரச்சினை இருக்கு, தனி பாராசிட்டமால் மட்டும் குடுங்க." நாட்டு மருந்துகளில் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகியவற்றில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகச் சுருக்கும், சர்க்கரைக்கென்று பொடியாக விற்பதை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தொட வேண்டாம்.

ஒரு காகிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்த நாளில் டாபாகிளிஃபுளோசின் வகை, மெட்ஃபார்மின், டெல்மிசார்டான் வகை, நீர் பிரிக்கும் மாத்திரை ஆகியவற்றில் எவற்றை நிறுத்தி வைப்பது, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்து எத்தனை நாளில் மறுபடி தொடங்குவது என்று மருத்துவரிடமே முன்கூட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. சர்க்கரை பார்த்து அளவைக் குறைப்பதுதான் வழி. டாபாகிளிஃபுளோசின் சாப்பிடுபவருக்கு வயிற்று வலி, குமட்டல், வேக மூச்சு வந்தால் சர்க்கரை 200க்குக் கீழே இருந்தாலும் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம். அது வீட்டில் வைத்துப் பார்க்கும் நோய் இல்லை.

சமையலறை: மூன்று உப்பு, ஒரு கணக்கு

பொடி உப்பு, இந்துப்பு, குறைந்த சோடிய உப்பு. மூன்றில் எது? இந்துப்பு நல்லது என்ற நம்பிக்கை ஊறிப்போய்விட்டது. அதுவும் கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. குறைந்த சோடிய உப்பு பி.பி.க்கு நல்லதென்று விளம்பரம் வரும், மற்றவருக்கு உண்மையும்கூட. ஆனால் சோடியத்தை எடுத்த இடத்தில் அதில் வைத்திருப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் தளர்ந்து டெல்மிசார்டானும் சாப்பிடுபவருக்கு மூன்றில் மிக ஆபத்தானது அதுதான். பொட்டாசியம் ஏறினால் இதயம் முன்னறிவிப்பின்றி நிற்கலாம். சாதாரண அயோடின் உப்பையே வாங்குங்கள், அளவைக் குறையுங்கள்.

நாளுக்கு 5 கிராம், தலை தட்டிய ஒரு டீஸ்பூன். ஒவ்வொரு குழம்பிலும் யார் அளப்பது? சுலபமான வழி ஒன்று இருக்கிறது. உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதியை எழுதுங்கள். மூன்று பேர் உள்ள வீட்டில் தலைக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 15 கிராம். ஒரு கிலோ 66 நாள் வர வேண்டும். முப்பத்தைந்து நாளில் தீர்ந்தால் எல்லோருமே ஏறக்குறைய இரட்டிப்பாகச் சாப்பிடுகிறீர்கள். ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர் மிளகாய், கருவாடு இந்தக் கணக்கில் வராமல் தனியாக வருபவை. பெரியவருக்கு மட்டும் உப்பில்லாமல் தனிச் சமையல் செய்தால் அவர் சாப்பாட்டையே வெறுப்பார். வீடு முழுக்க மாதத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து, எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லியில் சுவையைக் கூட்டுவது நிற்கும். தயிர்ச்சாதத்துக்குமேல் தூவும் உப்பைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

பொட்டாசியம்: ரிப்போர்ட்டில் 5.0க்குள் இருந்தால் பழத்தையும் கீரையையும் பறிக்காதீர்கள். மலச்சிக்கல்தான் மிஞ்சும், மலச்சிக்கலே பொட்டாசியத்தை ஏற்றும். 5.5 தாண்டியவருக்குத்தான் காய்களைத் தோல் சீவிச் சின்னதாக நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, புதுத் தண்ணீரில் வேகவைத்து அதையும் கொட்டும் வேலை. அவர்கள் இளநீரை விட வேண்டும். ஒரு டம்ளரில் சுமார் 500 மி.கி. பொட்டாசியம் உண்டு. அளவு எதுவானாலும் எல்லோரும் ஒதுக்க வேண்டியது நட்சத்திரப் பழம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும்.

புரதத்தைக் குறைப்பது பற்றி எங்களுக்கு வருத்தம் உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 48 கிராம் வரை அனுமதி. மூன்று இட்லி, இரண்டு வேளை சோறு, ஒரு கைப்பிடிப் பருப்பு, ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர், ஒரு முட்டை எல்லாம் சேர்த்தே நாற்பதைச் சுற்றித்தான் வரும். நம் பெரியவர்களில் பலர் ஏற்கெனவே அளவுக்குக் கீழே சாப்பிடுகிறார்கள். "கிட்னி" என்ற சொல்லைக் கேட்டதும் பருப்பையும் முட்டையையும் நிறுத்தி, வெறும் ரசச் சோறு போட்டு, ஆறு மாதத்தில் தொடைச் சதை கரைந்து எழுந்திருக்க முடியாமல் ஆக்கிவிடுகிறோம். புரதப் பொடியும் தினமும் கால் கிலோ கறியும்தான் வேண்டாம்.

யார் பொறுப்பு?

கண்ணும் நினைவும் சரியாக இருந்தால் பெரியவர் கையிலேயே விடுங்கள், பி.பி. நோட்டு அவருடையதாக இருந்தால் அவரே பிடிவாதமாக எழுதுவார். மறதி தொடங்கியவருக்கு இன்சுலினை மட்டுமாவது இன்னொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வெளியூரில் என்றால் நோட்டின் பக்கத்தை வாரம் ஒரு முறை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பி.பி. மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவருக்குத் திரவப் பைகளும் வரும். கொண்டுவருபவரிடம் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைக் காட்டி, மெட்ஃபார்மின் அளவு மாறியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே வந்துவிட்டால், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மையத்துக்குப் போய் நாலு நாலு மணி நேரம் படுக்கும் டயாலிசிஸா, வீட்டிலேயே நாளுக்கு நான்கு தடவை பை மாற்றும் வயிற்று வழியா, இரண்டும் வேண்டாம் மருந்தோடு இருக்கட்டும் என்பதா என்ற பேச்சை நிதானமாக இருக்கும்போதே தொடங்குங்கள். பெரியவரை உட்கார வைத்து அவரிடமே கேட்டுப் பேச வேண்டிய பேச்சு அது. எதை முடிவு செய்தாலும் ஒரு காரியம் அன்றே ஆரம்பமாகட்டும்: வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் இடது கையில் ரத்தம் எடுக்கவோ குளுக்கோஸ் ஏற்றவோ விடாதீர்கள். டயாலிசிஸ் தேவைப்பட்டால் ரத்தக்குழாயை இணைத்துத் தைக்கப் போவது அந்த முன்கையில். லேபிலிருந்து வருபவரிடம் வலது புறங்கையை நீட்டி, "இங்கே எடுங்க தம்பி" என்று சொல்லப் பழக்குங்கள்.